வண்டி எங்கே நிற்கும்?

(பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் வண்டி மாதிரிகளுக்குக் குறைவே இருப்பதில்லை. தெர்மாகோலில் ரயில், அட்டையில் பேருந்து, கூரையில் சோலார் தகடு ஒட்டிய கார். பக்கத்தில் நிற்கும் பிள்ளை மனப்பாடம் செய்ததை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். நடுவில் நிறுத்தி, "இது ஓடுமாப்பா?" என்று கேட்டால் ஆசிரியரைத் திரும்பிப் பார்க்கும். சில வண்டிகள் ஓடவும் செய்யும். சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமும், வண்டி மேசை விளிம்புவரை போகும், யாராவது ஓடிவந்து பிடித்துக்கொள்வார்கள். எவ்வளவு தூரம் ஓடும், ஏன் அவ்வளவுதான் ஓடும் என்று நடுவர்கூடக் கேட்பதில்லை. பெயின்ட் நன்றாக இருக்கிறதா, விளக்க அட்டை அழகாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார்.

யாரும் கேட்காத அந்தக் கேள்வியைப் பற்றித்தான் பேசலாமென்று வந்தேன். என் யோசனை எளியது. வண்டியைத் தரையில் விடுவதற்கு முன்பே, அது எங்கே போய் நிற்கும் என்று அதைச் செய்தவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் விட வேண்டும். எழுதிய இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் உள்ள இடைவெளியை நாடா வைத்து அளக்க வேண்டும். மதிப்பெண் அந்த இடைவெளிக்கும், அந்த இடைவெளியைப் பற்றி மாணவர் என்ன சொல்கிறார் என்பதற்கும். பெயின்டுக்கு ஒன்றும் கிடையாது.

இதற்கு ஏற்ற வண்டி எது? பேட்டரி வண்டி வேண்டாம் என்பேன். ஒரு சாதாரண ஏஏ ஆல்கலைன் பேட்டரிக்குள் ஏறக்குறைய 10,000 ஜூல் ஆற்றல் இருக்கிறது. அது தாராளம். அச்சு கோணலாக இருந்தாலும், சக்கரம் தேய்த்துக்கொண்டு சுற்றினாலும் அத்தனையையும் மூடி மறைத்துவிடும். பிள்ளை செய்த பிழை பிள்ளைக்கே தெரியாமல் போகும். நமக்கு வேண்டியது மிகவும் கஞ்சத்தனமான ஒரு எஞ்சின். உலகம் முழுவதும் பள்ளிகளில் இதற்காகப் பயன்படுத்துவது எலிப்பொறி. மரப்பலகையில் சுருள்வில் பதித்து, கம்பியை மடக்கிப் பூட்டி வைப்போமே, அந்த வகை. 1894-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் ஹூக்கர் காப்புரிமை வாங்கிய பொறிக்கும் இன்று ஹார்டுவேர் கடையில் தொங்கும் பொறிக்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதை மடக்கி வைக்கும்போது நாம் அதற்குள் சேமிப்பது அரை ஜூலிலிருந்து ஒரு ஜூல் வரைதான். 100 கிராம் படிக்கல்லை ஒரு மீட்டர் உயரம் தூக்குவதற்கு ஆகும் வேலை ஒரு ஜூல். அதற்குமேல் சல்லிக்காசு கூடக் கிடைக்காது. ஆகவே வண்டியில் உள்ள ஒவ்வொரு குறையும் மீட்டர் கணக்கில் வெளியே தெரிந்துவிடும்.

வில்லின் விசையால் வண்டி ஓட்டுவது புது யோசனை அல்ல. 1478 வாக்கில் லியோனார்டோ டா வின்சி தானாக ஓடும் ஒரு வண்டியை வரைந்து வைத்தார். அட்லாண்டிகஸ் சுவடித்தொகுப்பின் 812-ஆம் தாளில் அந்தப் படம் இருக்கிறது. மேலே பெரிதாக வளைந்து தெரியும் வில்கள்தான் அதை ஓட்டுகின்றன என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் நினைத்தார்கள். அப்படி எண்ணிச் செய்தவை சரியாக ஓடவில்லை. அந்த வில்களுக்கு வேறு வேலை, வண்டியை ஓட்டும் சுருள்வில்கள் கீழே உள்ள உருளைகளுக்குள் ஒளிந்திருக்கின்றன என்று பிற்பாடு லியோனார்டோ ஆய்வாளர் கார்லோ பெட்ரெட்டி சொன்னார். 2004-இல் ஃபிளாரன்ஸ் நகரத்து அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் அந்த வழியில் செய்து பார்த்தது. ஓடியது. படத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தும் தீராத சந்தேகத்தை, ஓடுகிற மாதிரி ஒன்று தீர்த்து வைத்தது.

சரி, கணக்குக்கு வருவோம். பயப்பட வேண்டாம், ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான்.

முதலில் பொறியை அளக்க வேண்டும். வண்டி செய்யும் முன்பே. பலகையை மேசையோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வில்லின் மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, கம்பியில் சுருள்வில் தராசை மாட்டி, கம்பிக்குச் செங்குத்தாக இழுங்கள். மூடிய நிலையில் 4 நியூட்டன், முழுதும் மடக்கிய நிலையில் 8 நியூட்டன் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். திருப்புவிசை 0.2-இல் தொடங்கி 0.4 நியூட்டன் மீட்டர் வரை போகிறது. சராசரி 0.3. கம்பி சுற்றும் கோணம் அரைவட்டம், அதாவது 3.14 ரேடியன். இரண்டையும் பெருக்கினால் 0.94 ஜூல். நம் எஞ்சினின் மொத்தச் சொத்து இது. இதை ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். (கம்பி விரலில் அடித்தால் நன்றாக வலிக்கும். மடக்கும்போதெல்லாம் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நீளக் கம்பி இணைத்த பிறகு யாரும் முகத்தை அதன் மேலே கொண்டுபோகக் கூடாது.)

இரண்டாவதாக, வண்டி எவ்வளவு எதிர்க்கிறது என்று அளக்க வேண்டும். பொறியை வண்டியில் ஏற்றிவிடுங்கள், ஆனால் நூலைக் கட்டாதீர்கள். ஒரு பலகையைச் சாய்வாக வைத்து, தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து வண்டியை மெல்ல விடுங்கள். தள்ளக் கூடாது. சாய்வையும் சேர்த்து, கிடைமட்டமாக 2.5 மீட்டர் போய் நிற்கிறது என்றால், 0.05-ஐ 2.5-ஆல் வகுக்க வருவது 0.02. வண்டியின் எடையில் நூற்றில் இரண்டு பங்கு எதிர்விசை என்று பொருள். வண்டி 200 கிராம் இருந்தால் எடை 1.96 நியூட்டன், எதிர்விசை 0.039 நியூட்டன். இப்போது 0.94-ஐ 0.039-ஆல் வகுத்துப் பாருங்கள். 24 மீட்டர்.

ஒரு பலகை, ஒரு நாடா, மளிகைக் கடைத் தராசு, பள்ளி ஆய்வகத்தில் தூசி படிந்து கிடக்கும் சுருள்வில் தராசு. இவ்வளவு போதும், இன்னும் ஓடாத வண்டி 24 மீட்டர் ஓட வேண்டும் என்று சொல்லிவிட முடிகிறது. உண்மையில் ஓடவிட்டால் 24 வராது. 15 வரலாம், 17 வரலாம். அப்படியானால் மீதி எங்கே போயிற்று? என்னைக் கேட்டால், இந்த ப்ராஜெக்டின் மொத்தப் பயனும் அந்தக் காணாமற்போன மீட்டர்களைத் தேடுவதில்தான் இருக்கிறது. இனி நான் சொல்லப் போவதெல்லாம் அவை ஒளிந்துகொள்ளும் இடங்கள்.

முதல் இடம் அச்சு. நம் ஊர்ப் பிள்ளைகள் நுங்கு தின்றுவிட்டு, கோந்தையை வீணாக்காமல் வண்டி செய்வார்கள். இரண்டு கோந்தைகளை ஒரு குச்சியின் இரு முனைகளில் இறுகக் குத்தி, நடுக்குச்சியைக் கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே சக்கரமும் அச்சும் ஒன்றாகச் சுற்றுகின்றன, உரசல் கவட்டையில் நடக்கிறது. மாட்டு வண்டியில் நேர்மாறு. அச்சு சுற்றாது, சக்கரத்தின் குடம் மட்டும் அச்சின் மேல் சுற்றும், கழன்றுவிடாமல் கடையாணி தாங்கும், உரசும் இடத்தில் மசகு போடுவார்கள். எலிப்பொறி வண்டியில் இந்த இரண்டு முறையும் தேவைப்படும். நூல் இழுக்கும் பின்னச்சில் சக்கரங்கள் நுங்கு வண்டி போல இறுகியிருக்க வேண்டும். முன்சக்கரங்கள் மாட்டு வண்டி போலத் தனித்தனியே சுற்றினால் நல்லது.

அச்சு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது, சக்கரம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது. உரசும் இடத்தில் எழும் தடை, அச்சின் ஆரத்தைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்த விகிதத்தில் குறைந்துதான் தரைக்கு வருகிறது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி 2 மில்லிமீட்டர் விட்டம், ஆரம் 1. பழைய சிடி 12 சென்டிமீட்டர் விட்டம், ஆரம் 60 மில்லிமீட்டர். உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், தரையில் அது 0.3-ஐ 60-ஆல் வகுத்தது, 0.005 ஆகிவிடும். அதே இடத்தில் 6 மில்லிமீட்டர் இரும்புக் கம்பியை அச்சாகப் போட்டால் 0.015. மூன்று மடங்கு. பிள்ளைகள் வண்டி "ஸ்ட்ராங்"காக இருக்க வேண்டுமென்று தடித்த கம்பியைத் தேடுவார்கள். கால் கிலோ வண்டிக்கு ஸ்போக்ஸ் கம்பியே தாராளம். அது சுற்றுவதற்குத் தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவின் ரீஃபில் துண்டு நல்ல புஷ்.

சிடிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, மொசைக் தரையில் வழுக்கும். பின்சக்கர விளிம்பில் பலூனை வெட்டி மாட்டினால் பிடித்துக்கொள்ளும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று ஒரு சுண்ணாம்புக்கட்டிக் கோடு போட்டு எண்ணினால் வழுக்கல் பிடிபட்டுவிடும். சுற்றின் எண்ணிக்கையைச் சுற்றளவால் பெருக்கினால் வரும் தூரம், வண்டி போன தூரத்தைவிட அதிகமாக இருந்தால் காணாமற்போனதில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது.

எத்தனை சக்கரம் வேண்டும்? நாலு என்பார்கள், காரைப் பார்த்துப் பழகியதால். மூன்று போதும். மூன்று புள்ளிகள் எந்தத் தரையிலும் ஒருசேரப் படியும். நாலாவது வந்தால் ஏதாவது ஒன்று அந்தரத்தில் நிற்கும். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் குதிரை பூட்டாமல் உருட்டும் சிறுதேருக்கு மூன்று சக்கரம். கோழியை விரட்ட எறிந்த காதணி கிடந்து அந்தத் தேரின் வழியை மறிக்குமாம். கவிஞர் ஊரின் செல்வத்தைக் காட்டத்தான் அதைச் சொன்னார். வழியில் ஒரு காதணி கிடந்தாலே தடுக்கப்படும் சின்னச் சக்கரம் என்பது பொறியாளர் கண்ணுக்குத் தெரியும். பெரிய சக்கரம் வேண்டும் என்பதற்கு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நூலும் நெம்புகம்பியும். பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடமும் அதிகம் கற்கும் இடமும் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பொறியின் கம்பியோடு ஒரு நீளக் கம்பியை இணைத்து, அதன் நுனியில் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைப் பின்னச்சில் சுற்றுகிறோம். பழைய குடைக்கம்பி இதற்கு மிகவும் பொருத்தம். குறுக்குவெட்டில் வாய்க்கால் போல மடிந்திருப்பதால் எடை குறைவு, வளையாது. கம்பியின் நீளம் 30 சென்டிமீட்டர் என்றால், அரைவட்டம் அடிக்கும்போது அது இழுக்கும் நூல் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். நூல் சுற்றும் இடத்தில் அச்சு 5 மில்லிமீட்டர் விட்டம் என்றால் ஒரு சுற்றுக்கு 15.7 மில்லிமீட்டர் நூல் பிடிக்கும். 38 சுற்று. சிடியின் சுற்றளவு 37.7 சென்டிமீட்டர். ஆக, பொறி இழுத்துக்கொண்டே வரும் தூரம் 14 மீட்டர் சொச்சம். அதற்குப் பிறகு வண்டி, சேர்த்து வைத்த வேகத்தில் தானாக உருளும்.

"அப்படியானால் இன்னும் மெல்லிய அச்சில் சுற்றினால் இன்னும் தூரம் போகுமே" என்று வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். 2 மில்லிமீட்டர் ஸ்போக்ஸ் கம்பியிலேயே நேராக நூலைச் சுற்றினால் 95 சுற்று வரும், பொறி 36 மீட்டர் இழுக்க வேண்டியிருக்கும். ஆனால் கையில் இருப்பது அதே 0.94 ஜூல்தான். 36-ஆல் வகுத்தால் சராசரி இழுவிசை 0.026 நியூட்டன். வண்டி எதிர்ப்பதோ 0.039. வண்டி இருந்த இடத்திலேயே இருக்கும். 5 மில்லிமீட்டரில் அது 0.065, எதிர்ப்பைவிட அதிகம், வண்டி நகரும். ஆகவே மெல்லிய அச்சின் மேல், நூல் சுற்றும் இடத்தில் மட்டும் ஒரு குழாய்த் துண்டைச் செருகி அங்கே தடிப்பாக்க வேண்டும். தாங்கும் இடத்தில் மெலிவு, இழுக்கும் இடத்தில் தடிப்பு. இதை நாம் சொல்லிக் கொடுத்துவிட்டால் அரை நிமிட வேலை. அவர்களே வகுத்தல் கணக்கிலிருந்து கண்டுபிடித்தால் ஒரு வாரம் ஆகும். ஒரு வாரம் கொடுங்கள்.

இன்னொரு நுணுக்கம். நிற்கும் வண்டியைக் கிளப்ப அதிக விசை வேண்டும், ஓடத் தொடங்கியபின் குறைவாக இருந்தால் போதும். ஆகவே முதலில் அவிழும் நூல் தடித்த இடத்திலிருந்தும், பிறகு அவிழ்வது மெல்லிய இடத்திலிருந்தும் வந்தால் நல்லது. பேனா மூடி போலக் கூம்பாக ஒரு துண்டை அச்சில் மாட்டினால் இது நடக்கும். பழைய கடிகாரங்களில், வில் தளரத் தளர விசை குறைவதைச் சரிக்கட்டக் கூம்பு உருளை ஒன்றில் சங்கிலியைச் சுற்றினார்கள். அங்கே ஆரம்பத்தில் ஒல்லி, முடிவில் தடிப்பு. நமக்கு வேண்டியது அதன் நேரெதிர். ஒரே கருவியைத் திருப்பிப் போட்டால் வேறு வேலை செய்கிறது என்பதை பிளஸ் ஒன் மாணவர்களோடு பேசலாம்.

நூலை அச்சில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுவது எல்லா வகுப்பிலும் நடக்கும். முழுதும் அவிழ்ந்ததும், உருளும் சக்கரம் நூலை மறுபடி எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கும், பொறியின் வில் அதை எதிர்க்கும், வண்டி சடாரென்று நிற்கும். சில சமயம் பின்னோக்கி வரும். பிள்ளைகள் சிரிப்பார்கள். முடிச்சுக்குப் பதில் ஒரு கண்ணி போட்டு, அச்சில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊக்கில் மாட்டினால் முடிவில் தானே கழன்றுவிடும்.

சக்கரத்தின் எடை பற்றி ஒரு வார்த்தை. கனத்த சக்கரத்தைச் சுழற்ற ஆற்றல் செலவாகும், ஆகவே இலேசான சக்கரம்தான் நல்லது என்று புத்தகங்களில் போட்டிருக்கும். வேகப் போட்டிக்கு அது சரி. தூரத்துக்கு அவ்வளவு சரியில்லை. சுழலும் சக்கரம் வாங்கியது கடன். வண்டி தளரும்போது பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடும். உராய்வு வாங்கியதுதான் திரும்பி வராது.

திசை. சக்கரம் எல்லாம் சரி, வண்டி நேராகப் போகாமல் சுவரில் மோதுகிறது. இது ஏதோ அதிர்ஷ்டக் கோளாறு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முன்னச்சு ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால் போதும். இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி 40 சென்டிமீட்டர் என்றால், வண்டி 23 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஓடும். 10 மீட்டர் போவதற்குள் நேர்கோட்டிலிருந்து 2 மீட்டருக்கு மேல் விலகிவிடும். வகுப்பறைத் தாழ்வாரம் அவ்வளவு அகலம் இருக்காது. ஒரு டிகிரி என்பது எவ்வளவு? 15 சென்டிமீட்டர் நீள அச்சின் ஒரு முனை 2.6 மில்லிமீட்டர் முன்னே தள்ளியிருப்பது. ஃபெவிகால் காயும்போது அட்டை இழுத்துக்கொள்வதே அந்த அளவு வந்துவிடும். எனவே முன்னச்சை ஒட்டாதீர்கள். ஒரு முனையை நீள்துளையில் வைத்து, திருகாணியால் நகர்த்தி இறுக்கும்படி செய்யுங்கள்.

ஒட்டாதே, திருகு என்ற இந்தப் பழக்கத்தை வண்டி முழுவதற்கும் நீட்டலாம். இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. மனித பலத்தால் மட்டும் பறக்கும் விமானத்துக்கு 1959-இல் பிரிட்டனில் கிரேமர் பரிசு அறிவித்தார்கள். ஒரு மைல் தூரத்தை எட்டு வடிவத்தில் சுற்றிவர வேண்டும். பதினெட்டு வருடம் யாராலும் முடியவில்லை. நல்ல நல்ல பொறியாளர்கள் அழகழகாகச் செய்தார்கள். செய்ய ஒரு வருடம். ஒருநாள் பறக்கவிட்டால் உடையும். மீண்டும் செய்ய இன்னொரு வருடம். அமெரிக்காவின் பால் மெக்ரெடி எதிர்ப்பக்கத்திலிருந்து யோசித்தார். அலுமினியக் குழாய், பியானோ கம்பி, மெல்லிய பிளாஸ்டிக் தாள். விழுந்து உடைந்தால் ஒட்டுப்போட்டு மறுநாளே பறக்கவிடலாம். மற்றவர்கள் வருடக்கணக்கில் கற்றதை அவர் குழு வாரக்கணக்கில் கற்றது. 1977 ஆகஸ்ட் 23 அன்று கலிஃபோர்னியாவின் ஷாஃப்டர் என்ற இடத்தில், பிரையன் ஆலன் என்ற சைக்கிள் வீரர் மிதிக்க, மெக்ரெடி குழுவின் காஸமர் காண்டர் விமானம் அந்த எட்டைப் போட்டு முடித்தது. இரண்டு வருடம் கழித்து அதன் தம்பி இங்கிலீஷ் கால்வாயையே கடந்தது. 1987-இல் ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை 3,000 கிலோமீட்டர் சூரிய ஒளி வண்டிப் போட்டியில் வென்ற சன்ரேசர் காரிலும் மெக்ரெடியின் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. மணிக்குச் சராசரி 67 கிலோமீட்டர் அதன் வேகம். அதற்குக் கிடைத்த மின்சாரம், ஒரு வீட்டு இஸ்திரிப்பெட்டியும் இன்னும் கொஞ்சமும் ஓடுமளவுக்குத்தான். எதிர்ப்பைக் குறைத்தே அந்த வேகத்தை எடுத்தார்கள்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் வண்டியை அப்படியே பத்து மடங்கு பெரிதாக்கினால் நிஜ வண்டி வந்துவிடாது. பத்து மடங்கு பெரிதாக்கினால் கனம் ஆயிரம் மடங்கு, கம்பியின் குறுக்குவெட்டு நூறு மடங்குதான். 1638-இல் கலிலியோ இதை விளக்கிவிட்டார். மேசையிலிருந்து விழும் பொம்மைக் கார் சேதமில்லாமல் உருண்டு போவது அது உறுதியானது என்பதால் இல்லை, சின்னது என்பதால். ஸ்போக்ஸ் கம்பி அச்சு நம் வண்டிக்கு மட்டும்தான்.

இப்போது கடைசி உறுப்பு. அதுதான் என் தலைப்பின் உறுப்பும்கூட. அதிக தூரம் ஓடுவது ஒரு போட்டி. சொன்ன இடத்தில் நிற்பது இன்னொரு போட்டி, எனக்கு இதுவே மேல் என்று படுகிறது. அமெரிக்கப் பள்ளிகளில் நடக்கும் சயன்ஸ் ஒலிம்பியாட் போட்டியில் ஸ்கிராம்ப்ளர் என்று ஒன்று உண்டு. வண்டியின் மூக்கில் ஒரு கோழிமுட்டையைக் கட்டி, எதிரே உள்ள சுவருக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், முட்டை உடையாமல் நிறுத்த வேண்டும். அதில் பிள்ளைகள் கையாளும் ஒரு பிரேக் எனக்கு மிகவும் பிடித்தது.

பின்னச்சுக்கு ஹார்டுவேர் கடையில் 6 எம்எம் த்ரெட் ராடு வாங்குங்கள். நீளவாக்கில் மரை போட்ட கம்பி. அதில் ஒரு விங் நட்டைப் போடுங்கள். நட்டின் இறக்கை சட்டத்தில் உள்ள ஒரு குச்சியில் முட்டிக்கொண்டிருப்பதால் அதனால் சுற்ற முடியாது. ஆக அச்சு ஒரு சுற்று சுற்றினால் நட்டு மரை வழியே ஒரு மில்லிமீட்டர் நகரும். நகர்ந்து நகர்ந்து, அச்சில் நிலையாக இறுக்கி வைத்த இன்னொரு நட்டில் போய் முட்டும். முட்டியதும் அச்சு பூட்டிக்கொள்ளும். வண்டி நிற்கும். 10 மீட்டரில் நிற்க வேண்டுமா? 10-ஐ 0.377-ஆல் வகுக்க, 26.5 சுற்று. நட்டைத் தடையிலிருந்து 26.5 மில்லிமீட்டர் பின்னால் திருகி வையுங்கள். அரைச் சுற்றுப் பிசகினால் 19 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். பகடைக்கு இங்கே இடமே இல்லை, எல்லாம் எண்ணிக்கை.

இதற்கும் விலை உண்டு. 6 மில்லிமீட்டர் அச்சின் உராய்வு ஸ்போக்ஸ் கம்பியைவிட மூன்று மடங்கு என்று சற்றுமுன் பார்த்தோம். மரை வேறு புஷ்ஷை ரம்பம் போல அறுக்கும். தாங்கும் இடங்களில் பித்தளைக் குழாய் செருக வேண்டும். தூரத்தில் விட்டுக்கொடுத்துத் துல்லியத்தை வாங்குகிறோம். சாய்பலகைச் சோதனையை மறுபடி செய்தால் எவ்வளவு விட்டுக்கொடுத்தோம் என்பது எண்ணாகவே தெரிந்துவிடும்.

பூட்டியதும் வண்டி நின்றுவிடுமா? சற்று வழுக்கிவிட்டுத்தான் நிற்கும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் வண்டி, எடையில் பாதி பின்சக்கரத்தில் இருந்து, உராய்வுக் கெழுவும் அரை என்றால், 20 சென்டிமீட்டர் வழுக்கும். 2 மீட்டர் வேகம் என்றால் 80 சென்டிமீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் வழுக்கல் நான்கு மடங்கு. சாலைப் பாதுகாப்பு வாரத்தில் நாம் சுவரில் எழுதி வைக்கும் பாடத்தை இந்த வண்டி நாடாவில் எழுதிக் காட்டும். அதனால் இந்தப் போட்டியில் மெதுவாக வருபவர்தான் கெட்டிக்காரர். நெம்புகம்பியை நீளமாக்கு, இழுவையைத் தளர்த்து என்று அவர்களே முடிவுக்கு வருவார்கள்.

ஏடு பற்றி ஒரு கோரிக்கை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி: எங்கே நிற்கும் என்று எழுதியது, எங்கே நின்றது, போன தடவைக்குப் பிறகு என்ன மாற்றினேன். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. வீட்டில் அப்பா செய்து கொடுத்த வண்டிக்கும் கடையில் வாங்கிய வண்டிக்கும் இந்த ஏடு இருக்காது. இருந்தால் அதில் உள்ள எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போகாது. நடுவருக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"ஓட்டி முடித்தபிறகு எதிர்பார்ப்பை எழுதிக்கொள்ள மாட்டார்களா?" என்று ஓர் ஆசிரியர் காலையில் கேட்டார். எழுதுவார்கள். நானும் அந்த வயதில் எழுதியிருப்பேன். அதற்கு ஒலிம்பியாட்காரர்களிடம் நல்ல வழி இருக்கிறது. தூரத்தை முன்கூட்டிச் சொல்வதில்லை. எல்லா வண்டிகளையும் முதலில் வாங்கி மேசையில் வைத்துவிடுவார்கள். அதன்பிறகுதான் இன்று தூரம் இவ்வளவு என்று அறிவிப்பார்கள். நாமும் அப்படிச் செய்யலாம். 7 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை, பத்துப் பத்து சென்டிமீட்டராகச் சீட்டு எழுதிக் குலுக்கி, பள்ளியின் இளைய வகுப்புப் பிள்ளையிடம் ஒரு சீட்டை எடுக்கச் சொல்லுங்கள். வண்டியைக் கையில் எடுத்தபிறகு பத்து நிமிடம். நட்டைத் திருக, நூலைச் சுற்ற, கணக்குப் போட. இரண்டு ஓட்டங்கள். முதல் ஓட்டத்துக்கும் இரண்டாம் ஓட்டத்துக்கும் இடையில் என்ன மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று நடுவரிடம் சொல்ல வேண்டும். இருவர் சமமாக வந்தால், காரணத்தைத் தெளிவாகச் சொன்னவருக்கு முதலிடம். அதிலும் சமம் என்றால் வண்டியின் எடையைப் பாருங்கள், இலேசானது ஜெயிக்கட்டும்.